கசம் தெரியாத ஊர்

மணிமுத்தாறு அருவிக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிற வெளியூர்க்காரர்களை உள்ளூர்ப் பையன்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். தண்ணீரைக் கண்டதும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குதிக்கப் பார்ப்பவர் வெளியூர். உள்ளூர்க்காரருக்குக் கசம் எங்கே இருக்கிறது என்று தெரியும். மேலே தெளிந்து அமைதியாகத்தான் கிடக்கும். அடியில் ஆள் ஆழம், இரண்டு ஆள் ஆழம். தாமிரபரணியிலும் அப்படித்தான். ஒவ்வொரு படித்துறையிலும் எது மணல், எது கசம் என்பது அந்தத் துறையில் குளித்து வளர்ந்தவருக்குத்தான் தெரியும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கூட முழுகிப்போவது இதனால்தான்.

அம்பாசமுத்திரத்திலிருந்தும் கல்லிடைக்குறிச்சியிலிருந்தும் மணிமுத்தாற்றிலிருந்தும் படிக்க வெளிநாடு போகிற நம் பிள்ளை, அங்கே போய் இறங்கியதும் வெளியூர்க்காரராகிவிடுகிறார். வகுப்பறையைப் பற்றி யாராவது சொல்லி அனுப்புகிறார்கள். வெள்ளிக்கிழமை இரவைப் பற்றி யாரும் சொல்வதில்லை. வீட்டில் பேசக் கூச்சம். அனுப்பிவைக்கும் ஏஜென்டுக்கு அது வேலை இல்லை.

2024 ஜூலையில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்குப்படி, அதற்கு முந்தைய 5 ஆண்டுகளில் 41 நாடுகளில் 633 இந்திய மாணவர்கள் இறந்திருக்கிறார்கள். கனடாவில் 172 பேர், அமெரிக்காவில் 108 பேர். தாக்குதலில் இறந்தவர்கள் 19 பேர். நோய், விபத்து எல்லாம் சேர்ந்த எண்ணிக்கை இது. பார்ட்டிக்குப் போய்ச் செத்தவர்களின் கணக்கு இல்லை. ஆனாலும் செய்தித்தாளில் தலைப்பாகும் கத்திக்குத்தைவிட, தலைப்பாகாத மற்ற காரணங்களே மிக அதிகம் என்பது இதிலிருந்து தெரிகிறது.

நண்பர்களோடு வெளியே போவது தப்பில்லை. தனிமை வாட்டும் ஊரில் அது தேவையும்கூட. அந்த இரவில் ஏதாவது தப்பாகிப்போனால், "வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும், விசா போயிடுமோ" என்று பயந்து யாரையும் கூப்பிடாமல் இருப்பதுதான் சின்னச் சிக்கலை உயிர்ச் சிக்கலாக்குகிறது. இந்தக் கட்டுரை அந்தப் பயத்தைப் பற்றியது.

வயது ஒரு நாட்டுக்கு ஒரு கணக்கு

மது வாங்கும் வயது பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 18. அமெரிக்காவில் 21. கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் 19. ஆல்பர்ட்டா, மனிடோபா, கியூபெக்கில் 18. சிங்கப்பூரில் 18 ஆனாலும், இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிப்பது குற்றம். தமிழர்கள் கூடும் லிட்டில் இந்தியாவில் 2013 டிசம்பரில் நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்த சட்டம் அது. அந்தப் பகுதியில் கட்டுப்பாடு இன்னும் கடுமை.

அமெரிக்காவில் படிக்கும் 19 வயதுப் பையன் சீனியரின் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போவது விளையாட்டாகத் தோன்றும். போலி அடையாளம் காட்டுவது அங்கே தனிக் குற்றம். மாணவர் விசாவில் இருப்பவருக்கு அந்த வழக்கு, அபராதம் கட்டியதோடு முடிந்துவிடாது.

ஸ்டியரிங்கில் கை வைக்கும் முன்

நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் இங்கிலாந்தில் 80 மில்லிகிராம், ஸ்காட்லாந்தில் 50, ஆஸ்திரேலியாவில் 50 வரைதான் அனுமதி. ஆஸ்திரேலியாவில் புதிதாக உரிமம் வாங்கியவருக்கு அதுவும் கிடையாது, பூஜ்யம்தான். "ரெண்டு பீர்தானே" என்ற கணக்கு ஆளுக்கு ஆள், உடம்புக்கு உடம்பு மாறும்.

கனடாவில் 2018 டிசம்பரிலிருந்து, போதையில் வண்டி ஓட்டுவதற்கான அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டு. அதனால் குடியேற்றச் சட்டத்தில் அது கடுங்குற்றப் பட்டியலுக்குள் வந்துவிட்டது. ஒரே ஒரு தண்டனை போதும், நிரந்தர வசிப்புரிமைக் கனவு கலைந்துபோகலாம். அமெரிக்காவில் தீர்ப்பு வரும்வரைகூடப் பொறுக்க வேண்டியதில்லை. குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானதை வைத்தே விசாவை ரத்துசெய்ய அந்நாட்டு வெளியுறவுத் துறைக்கு அதிகாரம் உண்டு. 2025 ஏப்ரலில் அங்கே ஏராளமான வெளிநாட்டு மாணவர்களின் பதிவு அரசின் மாணவர் பதிவேட்டிலிருந்து திடீரென நீக்கப்பட்டபோது, சிறிய போக்குவரத்து வழக்குகள்கூடக் காரணமாகக் காட்டப்பட்டன. மாணவர்கள் நீதிமன்றம் போன பிறகு அந்த மாதக் கடைசியில் பதிவுகளைத் திரும்பச் சேர்த்தார்கள். இதில் இரண்டு பாடம் இருக்கிறது. சின்ன வழக்கு என்று எதுவும் இல்லை. வழக்காடினால் நியாயம் கிடைக்கவும் செய்யும்.

குளிரில் குடி

மாஞ்சோலையின் மார்கழிப் பனியையே பெரிய குளிர் என்று நினைப்பவருக்கு இது புதிது. குடித்ததும் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் விரிகின்றன. உடம்பு கதகதவென்று இருக்கிறது. உண்மையில் உள்ளிருக்கும் சூடுதான் தோல் வழியாக வெளியேறிக்கொண்டிருக்கிறது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்த 18 வயது இந்திய வம்சாவளி மாணவர் நண்பர்களோடு ஒரு கிளப்புக்குப் போனார். உள்ளே விடவில்லை. உறைபனிக் குளிரில் தனியாகப் பிரிந்துபோனவரை மறுநாள் பக்கத்துக் கட்டடம் ஒன்றின் பின்புறம் பிணமாகக் கண்டார்கள். மதுவும் குளிரும் சேர்ந்து கொன்றன என்று மருத்துவ அறிக்கை சொன்னது.

ஆகவே, சேர்ந்து போனவர்கள் சேர்ந்தே திரும்ப வேண்டும். ஒருவர் கோபித்துக்கொண்டு தனியாக நடந்தாலும், அவர் அறைக்குப் போய்ச் சேர்ந்தார் என்பதைக் கேட்டு உறுதிசெய்யாமல் மற்றவர் தூங்கக் கூடாது.

கூட வந்தவர் எழுப்பியும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு மெதுவாக வருகிறது, உடம்பு சில்லிட்டு உதடு நீலமாகிறது என்றால், "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். மல்லாக்கப் படுத்தவர் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயை அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால் நம்மையும் பிடிப்பார்களோ என்ற பயத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. போதைப்பொருள் அளவு மீறிய ஒருவரைக் காப்பாற்ற அழைப்பவர் மீது, கையில் வைத்திருந்ததற்காக வழக்குப் போடக் கூடாது என்று கனடா 2017-ல் சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், வயது வராமல் குடித்தவர்கள் உதவிக்கு அழைத்தால் பாதுகாப்பு உண்டு.

அங்கே சரி, இங்கே குற்றம்

கனடாவில் 2018 அக்டோபரிலிருந்தும் ஜெர்மனியில் 2024 ஏப்ரலிலிருந்தும் பெரியவர்கள் குறிப்பிட்ட அளவு கஞ்சா வைத்திருக்கலாம். அந்தப் பொட்டலம் பையில் மறந்து கிடக்க எல்லையைத் தாண்டினால், அது கடத்தல். இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் போதைப்பொருள் சட்டம் பாயும். சிங்கப்பூரில் அளவு கூடினால் தூக்கு. யார் கொடுத்தாலும், எவ்வளவு நெருங்கிய நண்பரானாலும், அடுத்தவர் பையை விமான நிலையத்தில் சுமக்காதீர்கள்.

சம்மதமும் மயக்க மருந்தும்

சுயநினைவு தப்பிய நிலையில் இருப்பவரால் சம்மதம் தர முடியாது. பிரிட்டனிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சட்டம் இதில் தெளிவு. "அவ மறுக்கல்லியே" என்ற சமாதானம் நீதிமன்றத்தில் எடுபடாது. நம் பையன்களுக்கு இதை வீட்டிலேயே சொல்லி அனுப்ப வேண்டும்.

கிளாஸை மேசையில் வைத்துவிட்டு ஆடப் போனால், திரும்பி வந்து அதைக் குடிக்காதீர்கள். குடித்த அளவுக்குப் பொருந்தாத மயக்கம் வந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். 2016-ல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் தொடங்கிய ஒரு ஏற்பாடு இப்போது பிரிட்டனின் பல பப்களில் இருக்கிறது. கவுன்டரில் போய் "ஆஞ்செலா இருக்காங்களா?" என்று கேட்டால் போதும். ஆபத்து என்று புரிந்துகொண்டு ஊழியர்கள் உங்களைப் பத்திரமாக வெளியேற்றுவார்கள்.

உங்களிடம் யாராவது பாலியல் ரீதியாக அத்துமீறிவிட்டால் அது உங்கள் தவறு இல்லை. சில மருந்துகளின் தடயம் 12 மணி நேரத்துக்குள் சிறுநீரிலிருந்து போய்விடும் என்பதால் பரிசோதனைக்குச் சீக்கிரம் போங்கள். குளிக்காமலும் உடையைத் துவைக்காமலும் போவது நல்லது. இங்கிலாந்தில் இதற்கென்றே உள்ள மையங்களில், போலீஸில் புகார் தர நீங்கள் தயாராகாவிட்டாலும், இலவசமாகப் பரிசோதித்துத் தடயத்தைப் பாதுகாத்து வைப்பார்கள். ஆண்களுக்கும் இந்த உரிமை உண்டு.

படமோ வீடியோவோ எடுத்து மிரட்டினால் பணம் அனுப்பாதீர்கள். ஒரு முறை கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மிரட்டுபவர் இந்தியாவில் இருந்தால், தேசிய சைபர் குற்றத் தளத்தில் ஆன்லைனில் புகார் பதியலாம். ஒருவரின் அந்தரங்கப் படத்தை அனுமதியின்றி எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

ஊர் கொந்தளித்தால்

2024 மே மாதம் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில், உள்ளூர் இளைஞர்களுக்கும் எகிப்திய மாணவர்களுக்கும் நடந்த அடிதடி வீடியோவாகப் பரவியது. சில நாளில் ஒரு கும்பல் வெளிநாட்டு மாணவர் விடுதிகளைத் தேடிப்போய் அடித்தது. மருத்துவம் படிக்கப் போன நம் பிள்ளைகளும் அந்த ஊரில் இருந்தார்கள். வெளியே வர வேண்டாம் என்று இந்தியத் தூதரகம் அறிவுறுத்தியது. யாரோ போட்ட சண்டை நிறத்தைப் பார்த்து நம் மேல் திரும்பலாம். சண்டை தொடங்கும் இடத்தில் நின்று வீடியோ எடுக்காமல் கிளம்பிவிடுவதே புத்தி.

போலீஸ் பிடித்தால்

1963-ம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு ஒப்பந்தத்தின் 36-ம் பிரிவு, கைதான வெளிநாட்டவருக்குத் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லும் உரிமையைத் தருகிறது. பெரும்பாலும் நீங்கள் வாய் திறந்து கேட்டால்தான் சொல்வார்கள். ஆகவே மூன்று வாக்கியங்களை அந்த நாட்டு மொழியில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "எனக்கு வக்கீல் வேண்டும்." "மொழிபெயர்ப்பாளர் வேண்டும்." "இந்தியத் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்." புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், பொய்யும் சொல்லாதீர்கள். இங்கிலாந்தில் காவல் நிலையத்திலேயே இலவசமாக வக்கீல் கிடைப்பார். "எச்சரித்து விட்டுட்டாங்க" என்று நினைக்கும் சமாச்சாரம்கூடப் பின்னால் விசா விண்ணப்பத்தில் கேட்கப்படலாம் என்பதால், வக்கீலிடம் பேசாமல் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

தூதரகம் உங்களை ஜாமீனில் எடுக்காது; தீர்ப்பிலும் தலையிடாது. வந்து பார்க்கும், வக்கீல்களின் பட்டியல் தரும், வீட்டுக்குச் சொல்லும். வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவிக்கும், இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்பவும் 2009-ல் தொடங்கிய இந்திய சமூக நல நிதி தூதரகங்களிடம் இருக்கிறது.

கைபேசியில் இருக்க வேண்டியவை

- அவசர எண்: அமெரிக்கா, கனடா 911, பிரிட்டன் 999, ஐரோப்பிய ஒன்றியம் 112, ஆஸ்திரேலியா 000, சிங்கப்பூரில் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 995.
- போய் இறங்கிய வாரமே வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் மாணவராகப் பதிவு. சிக்கல் வந்தால் புகாரும் அதிலேயே தரலாம்.
- தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறை உதவி எண், இந்தியாவுக்குள்ளிருந்து: 1800 309 3793.
- பாஸ்போர்ட், விசா, காப்பீட்டு அட்டையின் படங்கள். ஒரு நகல் வீட்டில். போதையில் ஏற்பட்ட காயத்துக்குச் சில காப்பீடுகள் பணம் தராது; அந்தப் பத்தியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"உங்க பையன் பார்ட்டியில போதைப்பொருளோட மாட்டிக்கிட்டான், உடனே பணம் அனுப்புங்க" என்று போலீஸ் உடையில் ஒருவர் வீடியோ அழைப்பில் வந்தால், வைத்துவிட்டுப் பிள்ளையின் எண்ணுக்கோ அறைத்தோழர் எண்ணுக்கோ கூப்பிடுங்கள். வீடியோ அழைப்பிலேயே கைது என்று மிரட்டும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' எந்தச் சட்டத்திலும் இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பிள்ளையைப் பற்றி உண்மையிலேயே தகவல் இல்லை என்றால் மதத் தளத்தில் பதியுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் திருநெல்வேலி ஆட்சியரிடமும் மனுக் கொடுக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கிளம்பும் நாளில் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "என்ன தப்புப் பண்ணியிருந்தாலும், எந்த நேரமானாலும், முதல்ல எங்களுக்குப் போன் பண்ணு. திட்டுறதை அப்புறம் வச்சிக்கிடுவோம்." நிலத்தை அடமானம் வைத்து அனுப்பிய அப்பாவுக்கு இதைச் சொல்வது சுலபமில்லைதான். ஆனால் கசத்தில் கால் வழுக்கியவன், கரையில் நிற்பவர் திட்டுவாரே என்று யோசித்துக் கத்தாமல் இருந்துவிடக் கூடாது.