தரையில் தடுமாறும் கால்கள்... திரையைப் பார்த்து நடக்கும் பயிற்சி! - பார்க்கின்சன் நோயாளிகளுக்கு ஒரு புது வழி

படிக்கட்டில் நிதானமாக ஏறிவிடுவார். ஆனால், சமதரையில் அறை வாசலைத் தாண்டும்போது, கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும். பார்க்கின்சன் நோயுள்ள சிலரிடம் இந்த விநோதத்தைப் பார்க்கலாம். 'வேணும்னே பண்றாரோ' என்று வீட்டில் சந்தேகப்படுவதும் உண்டு. பாவம், அவர்மேல் தப்பில்லை.

மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் வரும் நோய் இது. நடப்பது, திரும்புவது என யோசிக்காமலே செய்யும் வேலைகள் இதில் அதிகம் அடிவாங்குகின்றன. கண் முன்னே படியோ கோடோ தெரிந்தால், மூளை வேறு வழியில் காலுக்குக் கட்டளையிட்டுச் சமாளிக்கிறது. பேசிக்கொண்டே நடந்தால் கவனம் சிதறி, தடுமாற்றம் கூடுகிறது.

கண்ணுக்குக் குறி காட்டுவது, கவனம் சிதறினாலும் நடக்கப் பழக்குவது... இரண்டையும் சேர்த்துச் செய்கிறது விர்ச்சுவல் ரியாலிட்டி பயிற்சி. பெல்ஜியம், இத்தாலி, நெதர்லாந்து, பிரிட்டன், இஸ்ரேல் என 5 நாடுகளில், அடிக்கடி கீழே விழும் முதியவர்கள் 282 பேரிடம் இதைச் சோதித்தார்கள். அவர்களில் 130 பேர் பார்க்கின்சன் நோயாளிகள். ஒரு பிரிவினர் டிரெட்மில்லில் மட்டும் நடந்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு டிரெட்மில்லோடு எதிரே பெரிய திரை. முகத்தில் மாட்டும் ஹெட்செட் எல்லாம் கிடையாது. அவர்கள் கால் அசைவை கேமரா படம்பிடித்து, அப்படியே திரையில் காட்டியது. திரைப் பாதையில் குறுக்கே தடைகள் வரும், தாண்ட வேண்டும். நடுவே கவனத்தை இழுக்கும் காட்சிகளும் உண்டு. விழாமலிருக்க உடம்பில் பாதுகாப்புப் பட்டை. வாரம் 3 நாள், மொத்தம் 6 வாரம்.

முடிவு, 2016-ல் 'தி லான்செட்' இதழில் வந்தது. பயிற்சிக்குப் பிந்தைய 6 மாதங்களில், டிரெட்மில் மட்டும் பயன்படுத்தியவர்கள் விழுவது கொஞ்சம்தான் குறைந்தது. திரை பார்த்து நடந்தவர்கள் விழுவதோ, சராசரியாக 12 முறையிலிருந்து 6 ஆனது. அதிகம் பலன் பெற்றவர்கள் பார்க்கின்சன் நோயாளிகளே. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த பெரியவர்களைப் பார்த்தவர்களுக்கு, இந்த எண்ணிக்கையின் அருமை புரியும்.

இது நோயைக் குணப்படுத்தாது. மாத்திரையை நிறுத்தக் கூடாது. 'அப்பாவுக்கு ஒரு ஹெட்செட் வாங்கித் தரலாமே' என்ற அவசரமும் வேண்டாம். சுற்றியிருக்கும் அறையே தெரியாத நிலையில், தலைசுற்றி விழவும் வாய்ப்புண்டு. பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்தே பழக வேண்டும்.

அதுவரை, கால் நின்றுபோகும் இடத்தில் தரையில் பளிச்சென்ற கலர் டேப்பைக் குறுக்குக் கோடுகளாக ஒட்டிப் பார்க்கலாம். எவ்வளவு இடைவெளி என்பதை, நடையைப் பார்த்து பிசியோதெரபிஸ்ட்டே சொல்லிவிடுவார்.