சாத்தனூர்க் கல்மரம்

சீனத்திலும் ஜப்பானிலும் கோயில் முற்றங்களில் வளரும் கிங்கோ விருக்ஷத்தை விஞ்ஞானிகள் கொண்டாடுகிறார்கள். தகும். அதன் இனத்தார் யாவரும் மாண்டொழிய, அது ஒன்றே எஞ்சி நிற்கிறது. ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு; சூலுக்குள் ஆணணு நீந்திச் சென்றே கருவைச் சேர்கிறது என்பதை 1896-ல் ஹிராசே என்னும் ஜப்பானியர் கண்டறிந்தார். 1945-ல் ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பித் துளிர்த்த மரங்களுள் அதுவும் உண்டு.

இதைப் படித்து வியக்கும் நம்மவரில் எத்தனை பேர் சாத்தனூரைக் கண்டிருக்கிறார்கள்? மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளைத் தாண்டி, சமயபுரம், பாடாலூர் வழியே வடகிழக்கே சென்றால் ஒரே பகலில் பார்த்துத் திரும்பலாம். அங்கே ஓடையோரத்தில், 18 மீட்டர் நீளமுள்ள அடிமரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940-ல் அதைக் கண்டு உலகுக்கு உரைத்தவர் பூகர்ப்ப இலாகாவைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன், தமிழர், பின்னாளில் அந்த இலாகாவின் தலைமையை ஏற்ற முதல் இந்தியர்.

பல கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பிரதேசம் கடலாக இருந்தது. ஆறு அடித்துக்கொண்டு வந்த மரம் கடற்சேற்றில் புதைந்தது. மரச்சத்து மெல்ல நீங்க, அவ்விடத்தை மணற்சத்து நிரப்பிற்று. கிங்கோவைப்போலவே இதுவும் பூவாத வித்து மரம், ஊசியிலை வகுப்பு.

கிங்கோவைக் கோயிலார் பேணி வளர்த்தனர். திருவானைக்காவில் வெண்ணாவலைப் பேணும் நமக்கு அது விளங்காததன்று. பாவம், சாத்தனூர் மரத்துக்குத் தலபுராணம் இல்லை! தேசியப் புவியியல் சின்னம் என்ற பெயர் மட்டும் உண்டு. திருச்சி, பெரம்பலூர் உபாத்தியாயர்கள் வரும் விடுமுறைக்குள் தம் மாணாக்கரை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.