பிரீமியம் அதேதான்... பாதுகாப்புதான் குறைகிறது!

2018 நவம்பரில் கஜா புயல். 2021 ஜனவரியில் அறுவடை நேரத்து மழை. 2023 பிப்ரவரியில் மறுபடியும் அதே மழை. சம்பா நெல் சாய்ந்து, கதிரிலேயே முளைத்த கதை காவிரி டெல்டாவில் ஊருக்கு ஊர் உண்டு. இப்படிக் கெட்ட ஆண்டுகள் அடிக்கடி வந்தால், பயிர்க் காப்பீடு என்ன ஆகும்?

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5% மட்டுமே. ஏக்கருக்கு 36,000 ரூபாய் காப்பீடு என்று வைத்துக்கொண்டால், 540 ரூபாய். உண்மையான பிரீமியம் இதைவிட அதிகம். மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. இழப்பு கூடினால் பிரீமியமும் கூடும். 2020 முதல், பாசனப் பகுதியில் 25%, மானாவாரியில் 30% வரையிலான பிரீமியத்துக்குத்தான் மத்திய அரசு பங்கு தருகிறது. அதற்கு மேல் போனால் சுமை மாநிலத்துக்கு. பீகார் 2018-லும், குஜராத் 2020-லும் இத்திட்டத்திலிருந்து விலகிவிட்டன.

விவசாயிக்கு அடி வேறு வழியில் விழுகிறது. ஊரின் கடந்த 7 ஆண்டு மகசூலில், சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியை வைத்தே உத்தரவாத மகசூல் கணக்கிடப்படுகிறது. நல்ல ஆண்டில் ஹெக்டேருக்கு 5,000 கிலோ, கெட்ட ஆண்டில் 2,500 கிலோ என்று கொள்வோம். ஏழில் 2 ஆண்டுகள் மட்டும் கெட்டிருந்தால், சராசரி 5,000. அதில் 80% உத்தரவாதம் என்றால் 4,000 கிலோ. இந்த ஆண்டு 2,500 கிலோதான் விளைந்தால், ஏக்கருக்கு 13,500 ரூபாய் கிடைக்கும்.

ஏழில் 4 ஆண்டுகள் கெட்டிருந்தால்? சராசரி 4,000, உத்தரவாதம் 3,200 கிலோ. அதே 2,500 கிலோ விளைச்சலுக்கு 7,875 ரூபாய்தான் வரும். கட்டியது அதே 540 ரூபாய்!

அதற்காகக் காப்பீட்டைக் கைவிடக் கூடாது. கடைசித் தேதிவரை காத்திருக்காமல், அடங்கல் அல்லது விதைப்புச் சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்துடன் இ-சேவை மையத்தில் பதிவு செய்ய வேண்டும். ரசீதில் கிராமம், சர்வே எண், பரப்பு சரியா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். இழப்பீடு ஊர் மகசூலைப் பொறுத்தது என்பதால், பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கும் நாளில் ஊர் விவசாயிகள் வயலில் நிற்பது நல்லது. சந்தேகங்களுக்கு 14447 என்ற எண்ணில் கேட்கலாம்.

தண்ணீர் தேங்கும் வயல்களுக்கு, வெள்ளம் தாங்கும் சி.ஆர்.1009 சப்-1 போன்ற ரகம் ஏற்றது. வடிகால் வாய்க்காலை மழைக்கு முன்பே ஊர்கூடித் தூர்வாருவதும் அவசியம். ஊரில் கெட்ட ஆண்டுகள் குறைந்தால்தான், உத்தரவாத மகசூல் சரியாமல் நிற்கும்.