உஷார்! துளிர் இருக்கும், வேர் இருக்காது

ஆடி பிறந்தால் சங்ககிரித் தெருக்களுக்குள் செடி வண்டிகள் வர ஆரம்பித்துவிடும். மினி ஆட்டோ நிறையக் கறுப்புப் பைகள், பைக்கு ஒரு குச்சி, குச்சி நுனியில் நாலைந்து இளம் இலை. "ரோஸ் முசாண்டாங்க அக்கா, புடிச்சிருச்சு, துளிரைப் பாருங்க!" அந்தத் துளிரை மட்டும் பார்த்துவிட்டு நூறு ரூபாயை நீட்டிவிடாதீர்கள். பைக்குள் ஒரு வேர்கூட இல்லாமல் இருக்கலாம்.

வெட்டிய குச்சிக்குள் மாவுச்சத்து மிச்சமிருக்கும். ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்ததும் கணுவில் இருக்கும் மொட்டு அதைத் தின்றே விரிந்துவிடும். சம்பளம் நின்றுபோனவர் பேங்க் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கிற கதைதான். இலை விரிய விரிய நீர் ஆவியாகிறது, ஈடுகட்ட வேர் இல்லை. விற்பவரிடம் இருந்தவரை நிழல்வலையும் ஓயாத தெளிப்பும் அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். நம் மொட்டை மாடிக்கு வந்து, அம்மியை நகர்த்தும் ஆடிக் காற்று பட்டதும் இலை தொங்கிவிடும். தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு சொம்பு ஊற்றுவோம். அடி கறுத்து அழுகும். பழி மட்டும் நம் கைராசி மேல்.

நாட்டுச் செம்பருத்தியும் அரளியும் நம்மைக் கெடுத்து வைத்திருக்கின்றன. ஒடித்து நட்டால் போதும், வந்துவிடும். அதே நம்பிக்கையில் முசாண்டா, பெரிய பூ விடும் கலப்புச் செம்பருத்தி, மனோரஞ்சிதம் பக்கம் போனால் மாட்டிக்கொள்வோம். வெள்ளை முசாண்டா 1915-ல் பிலிப்பைன்ஸின் மக்கிலிங் மலையில் தற்செயலாகக் கண்டெடுக்கப்பட்ட ஒரு திடீர் மாற்றம். சாதாரண முசாண்டாப் பூவில் ஒற்றைப் புல்லிதழ்தான் இலைபோல விரியும், இதில் ஐந்தும் விரிந்திருந்தன. விதை போட்டால் தாயைப் போலவே வரும் என்ற நிச்சயம் இல்லாததால் குச்சியும் பதியனும்தான் வழி. குச்சியோ வேர்விட ஒன்றரை, இரண்டு மாதம் ஆக்கும். அதற்குள் விற்றுக் காசாக்க நினைப்பவரிடம் நாம் துளிரை வாங்குகிறோம்.

வாங்கும் முன் குச்சியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். வேர் பிடித்திருந்தால் மண்ணும் சேர்ந்து எதிர்த்து நிற்கும், இல்லாவிட்டால் வெண்ணெயில் செருகிய கத்தியாக வழுக்கிக்கொண்டு வரும். பையின் அடி ஓட்டையில் வெள்ளை வேர் தெரிகிறதா என்றும் பாருங்கள். முதல் துளிர் முற்றி, அதற்கு மேல் இரண்டாவது துளிர் வந்திருந்தால் ஓரளவு நம்பலாம். இழுத்துப் பார்க்கக் கூடாது என்று விற்பவர் பதறினால் அந்த வண்டியை அனுப்பிவிடுங்கள்.

நாமே வேர்விடச் செய்யலாம் என்று ரூட்டிங் பவுடர் வாங்குபவர்களும் கவனம். அதிலிருக்கும் இண்டோல் பியூட்ரிக் அமிலம் வேரைத் தூண்டும் என்பது 1935-லேயே தெரிந்துவிட்டது, மருந்தில் குறையில்லை. ஆனால் எல்லாப் பவுடரும் ஒன்றல்ல. இளங்குச்சிக்கு 0.1 சதவீதம், பாதி முற்றியதற்கு 0.3, கட்டைக் குச்சிக்கு 0.8 என்று வீரியம் மாறும். தளிருக்குக் கட்டைக் குச்சியின் மருந்தைத் தடவினால் அடி வெந்துபோகும். கடை முகப்பில் மாதக்கணக்கில் வெயில் குடித்த பாக்கெட்டைத் தொடவே வேண்டாம். பாக்கெட்டுக்குள்ளேயே ஈரக் குச்சியை விட்டுத் தோய்ப்பதும் கூடாது, மிச்சப் பவுடர் கெட்டுவிடும்.

அடுத்து, தண்ணீர். சங்ககிரியில் சிமென்ட் ஆலை நிற்பதே பூமிக்குள் சுண்ணாம்புக்கல் இருப்பதால்தான். போர்த் தண்ணீர் ஊற்றிய தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் குச்சியின் அடியிலும் சேர்கிறது. முசாண்டாவும் இட்லிப்பூவும் இதைக் கொஞ்சமும் தாங்காது. இலை நரம்பு பச்சையாக இருக்க இடையெல்லாம் மஞ்சளாகும். மழைத்தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்திருப்பவர் பாதிக் கிணறு தாண்டியவர்.

என்னைக் கேட்டால், இந்த ஊர் வெயிலில் வீட்டுக்காரர்களுக்குக் குச்சியே வேண்டாம், விண்பதியன் போடுங்கள். பென்சில் தடிமன் கிளையில் ஓர் அங்குலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, வழவழப்புப் போகச் சுரண்டி, பவுடர் தொட்டு, பிழிந்த தென்னை நார்க்கழிவு வைத்துப் பாலித்தீனால் இறுகக் கட்டுங்கள். தாய்ச்செடி தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்கும். வேர் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் வெட்டப்போகிறோம், ஏமாற வழியில்லை. ஐப்பசி மழையில் ஆரம்பித்தால் இன்னும் சுலபம்.

வேர் இல்லாவிட்டால் போவது நூறு ரூபாய். குச்சியோடு மாவுப்பூச்சி வந்தால் போவது பக்கத்துத் தோட்டமும் சேர்த்து. 2008-ல் கோவையில் கண்டுபிடிக்கப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தி, மல்பெரி, குச்சிக்கிழங்கு என்று எதையும் விடவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்த பிறகுதான் அடங்கியது. 2020-ல் கேரளாவில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, விதைக்குச்சிகள் வழியாகச் சேலம், நாமக்கல் கிழங்குக் காடுகளுக்குள் புகுந்தது. அதில் ஆணே தேவையில்லை, ஒரு பெண் பூச்சி போதும், குடும்பம் பெருகிவிடும். பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்த குளவியை 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். இவ்வளவு பாடும் குச்சி மாற்றிக் குச்சி கொடுத்ததில் வந்தது.

அதனால் தோழி வீட்டுச் செம்பருத்திக் குச்சி என்றாலும் சரி, கணுவிடுக்கையும் இலையடியையும் திருப்பிப் பாருங்கள். பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை, எறும்பு ஊர்வது, நுனி சுருண்டு கிடப்பது, இதில் ஒன்று இருந்தாலும் பிளாஸ்டிக் பையில் கட்டி எரித்துவிடாமல், சோப்புத் தண்ணீரில் முக்கிக் கொன்று, குழி தோண்டி ஆழப் புதையுங்கள். குப்பைமேட்டில் வீசினால் காற்றே பரப்பும். சுத்தமாகத் தெரிந்தாலும் மூன்று வாரம் மற்ற தொட்டிகளிலிருந்து தள்ளி வையுங்கள். பூச்சியைக் கண்டதும் கடைக்கு ஓடி, இருப்பதிலேயே காரமான மருந்தைக் கேட்டு வாங்கி அடிப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: அந்த மருந்தில் முதலில் சாவது குளவி.