மூன்று ஹென்றிகள்
ஒரு கமக்காரக் குடும்பத்தின் வரலாறு

கமக்காரனின் மகன் படித்தால் கமத்தை விடவேண்டும். கமத்தில் நின்றால் படிப்பை விடவேண்டும். இந்த எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றிவிட்டது. குளமும் வயலும் பிரிவின்றி வாழும் வன்னி ஊர்களிலும் நிலைமை இதுவேயாம். நெளுக்குளம் என்னும் நம் ஊர்ப் பெயரிலேயே குளம் இருக்கின்றது. ஆயினும், பரீட்சையிற் சிறந்த சித்தியெய்திய மகனை நோக்கி, “இனி நீ வயலைப் பார்த்துக்கொள்” என்று கூறுந் தந்தையைக் காண்டல் அரிது. சித்தியெய்தாத பிள்ளைக்கே அச்சொல் கூறப்படுகின்றது. அதுவும் ஒரு தண்டனை போலக் கூறப்படுகின்றது.

இவ்வெண்ணத்தை மறுத்து நீண்ட வாதம் புரிவதினும், இதனைப் பொய்யாக்கி வாழ்ந்து காட்டிய ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லுதல் பயன்தருமென நினைக்கின்றேன். அக்குடும்பம் நம் நாட்டதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுமேற்குப் பகுதியிலுள்ள அயோவா மாநிலத்தில் வாழ்ந்த வாலஸ் குடும்பம் அது. பாட்டன், தந்தை, பேரன் ஆகிய மூவருக்கும் ஹென்றி என்பதே பெயர். மூவரும் ஏர்பிடித்த குடியிற் பிறந்தவர். மூவரும் பத்திரிகை நடத்தியவர். மூவரும் பொதுவாழ்விற் புகுந்தவர். மயக்கம் நேராதிருக்க, அவர்களைப் பெரிய ஹென்றி, நடு ஹென்றி, இளைய ஹென்றி என அழைப்போம்.

கரிய மண்ணின் நாடு

அயோவா சோளத்துக்குப் பேர்போன மாநிலம். கரிய நிறமும் மிகுந்த ஆழமும் கொண்டது அதன் மண். ஆதியிற் செவ்விந்தியக் குடிகள் வாழ்ந்த அந்நிலம், 1832 முதலாக உடன்படிக்கைகள் என்னும் பெயரால் அவர்களிடமிருந்து சிறிது சிறிதாகக் கைமாறி, வெள்ளையர் குடியேற்றமாகி, 1846 இல் ஒரு மாநிலமாயிற்று. நாம் மாரிமழையைக் குளத்தில் தேக்கிச் சிறுபோகத்துக்குக் காத்து வைக்கின்றோம். அங்குள்ள கமக்காரருக்கோ வயலில் தேங்கும் நீரை வடித்தலே பெருங்கவலை. பலர் மண்ணுக்கடியில் ஓட்டுக்குழாய் பதித்து நீரை வெளியேற்றினர். நீரால் வேறுபட்டாலும், விலை வீழ்ச்சியும் கடனும் அந்நாட்டுக் கமக்காரரையும் விட்டுவைக்கவில்லை.

பெரிய ஹென்றி

பெரிய ஹென்றி 1836 இல் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்தார். சமயப் போதகராகிப் பல ஆண்டு ஊழியஞ் செய்தார். உடன்பிறந்தோர் பலரைக் காசநோய்க்குப் பறிகொடுத்த அவரை அந்நோயச்சம் தொடர்ந்தது. உடல்நலங் கருதி, 1877 இல் போதகப் பணியை விட்டு, அயோவாவில் நிலத்தையும் திறந்த வெளியையும் நாடினார்.

நோய் நீங்கியது, எழுத்துப் பிறந்தது. உள்ளூர்ப் பத்திரிகையிற் கமத்தொழில் பற்றி வாரந்தோறும் எழுதலானார். ஒரே பயிரை ஓயாது விதைத்து மண்ணை வறிதாக்காதீர். மண்ணுக்கு வளந்தரும் தீவனப்புல்லை மாறிப் பயிரிடுங்கள். பால்மாடு வளருங்கள் என்பன அவர் இடைவிடாது கூறிய புத்திமதிகள். கமக்காரர்க்கெனத் தனியாக வெளிவந்த ஒரு பத்திரிகைக்குப் பின்னர் ஆசிரியரானார். சரக்கேற்றும் கட்டணத்தைத் தம் விருப்பப்படி விதித்த இரயில்வே கம்பனிகளை அதிற் கண்டித்தார். பத்திரிகையின் நிருவாகத்தினருக்கு அது உவப்பாயில்லை. 1895 இல் அவர் பதவியிழந்தார்.

வயது ஐம்பத்தொன்பது. ஓய்ந்திருக்கத்தக்க பருவந்தான். ஆனால் அவருடைய புதல்வர் அவ்வேளையில் ஒரு சிறு பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தனர். தந்தையும் மக்களும் ஒன்றுகூடி அதனைக் குடும்பப் பத்திரிகையாக்கினர். “வாலஸஸ் பாமர்” எனப் பின்னர்ப் பெயர்பெற்றது அதுவே. நற்கமம், தெளிந்த சிந்தனை, நேர்மையான வாழ்வு ஆகிய மூன்றும் அதன் குறிக்கோள்களாய் முகப்பிற் பொறிக்கப்பட்டன. 1908 இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், நாட்டுப்புற வாழ்வின் குறைகளை ஆராய ஒரு குழுவை நியமித்தபோது, அதில் ஓர் அங்கத்தவராய் அமர்ந்தார் பெரிய ஹென்றி. அவர் 1916 இற் காலமானார்.

நடு ஹென்றி

புதல்வராகிய ஹென்றி கன்ட்வெல் வாலஸ் 1866 இற் பிறந்தார். ஏம்ஸ் நகரிலிருந்த அயோவா விவசாயக் கல்லூரியிற் சேர்ந்து, படிப்பை இடையில் நிறுத்தி, தந்தையின் நிலத்தைக் குத்தகைக்கெடுத்துப் பயிரிட்டார். விளைபொருளின் விலை வீழ்ந்த காலம் அது. உழைப்பு மிகுந்தது, கையில் மிஞ்சியது சிறிது.

இந்நிலையில் நம்மவர் என்ன செய்வர்? நிலத்தைக் கைவிட்டு உத்தியோகம் தேடுவர். நடு ஹென்றியும் நிலத்தை விட்டுக் கல்லூரிக்கே மீண்டார். ஆனால் கமத்தை மறக்கும் பொருட்டு அவர் படிக்கவில்லை. மனைவி மக்களுடன் ஏம்ஸிற் குடியிருந்து, 1892 இற் பட்டம் பெற்று, அக்கல்லூரியிலேயே பாற்பண்ணைத் தொழில் கற்பிக்கும் ஆசிரியரானார். வயலிலே தாம் பட்ட நட்டத்தின் காரணத்தைக் கற்றறிந்து, பிறர் அந்நட்டத்தைப் படாதவாறு செய்யவே அவர் படித்தார். படிப்பின் பயன் இதுவன்றோ?

1921 இல் அவர் அமெரிக்காவின் விவசாய மந்திரியானார். முதலாம் உலகப்போர்க் காலத்தில் ஏறிய விலை, போரின் பின் சரேலென விழுந்திருந்தது. ஏற்றம் நிலைக்குமென நம்பிக் கடன்பட்டு நிலம் வாங்கியவர்கள் அந்நிலத்தையே இழந்தனர். கமக்காரனுக்கு நியாயவிலை கிடைக்க அரசாங்கம் துணைநிற்றல் வேண்டுமென்று நடு ஹென்றி வாதாடினார். வர்த்தக மந்திரியாயிருந்த ஹூவர் அதனை எதிர்த்தார். அப்போராட்டம் முடிவுறுமுன்னரே, 1924 ஒக்டோபரில், சத்திரசிகிச்சையொன்றின் பின் நடு ஹென்றி காலமானார்.

இளைய ஹென்றி

ஹென்றி அகார்ட் வாலஸ் 1888 இற் பிறந்தார். தந்தை ஏம்ஸில் இருந்த காலத்தில் அக்கல்லூரியில் ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர் என்னும் கறுப்பின இளைஞர் பயின்றார். அடிமைத்தாய் வயிற்றிற் பிறந்து, பின்னாளில் உலகறிந்த தாவரவியலறிஞராய் விளங்கியவர் அவர். வாலஸ் வீட்டார் அவரை அன்போடு வரவேற்றனர். செடிகொடி தேடி உலாவச் செல்லும்போது கார்வர் சிறுவன் ஹென்றியையும் உடன் அழைத்துச் செல்வார். பூவின் உறுப்புக்களை அவர் பிரித்துக் காட்ட, அச்சிறுவன் கற்றான். தோலின் நிறத்துக்கு உயர்வு தாழ்வு கற்பித்த நாட்டிலே, பிற்காலத்து அமெரிக்க உப ஜனாதிபதியின் முதல் தாவரவியல் ஆசான் ஒரு கறுப்பினத்தவர்!

அக்காலத்தில் அயோவாவிற் சோளக்கதிர்ப் போட்டிகள் நடைபெறும். வரிசை பிசகாத மணிகளும் சீரான வடிவமும் உடைய அழகிய கதிர்களுக்கே பரிசு. அவையே சிறந்த விதையென்றும் கருதப்பட்டது. பதினைந்து பதினாறு வயதேயான இளைய ஹென்றி, “கதிரின் அழகு மாட்டுக்கு எதற்கு?” என்று ஐயுற்றான். பரிசு பெற்ற கதிர்களை அவனிடம் கொடுத்து, விதைத்துப் பார்க்கும்படி பேராசிரியர் ஹோல்டன் கூறினார். தந்தை கொடுத்த சிறு நிலத்தில் 1904 இல் ஒவ்வொரு கதிரின் விதையையும் தனித்தனியே நட்டு, அறுவடையில் தனித்தனியே நிறுத்துக் கணக்கெழுதினான். பேராசிரியர் அழகிற் சிறந்ததெனப் புகழ்ந்த கதிரின் வித்து, விளைச்சலிற் கடைசி நிலையை அண்மி நின்றது. கற்றவர் கூற்றையும் தராசில் இட்டுப் பார்க்கலாம் என்பதை அந்தப் பாலகன் நிலைநாட்டினான்.

அந்தத் தராசு அவர் வாழ்நாள் முழுவதும் கையிலிருந்தது. சோளச்செடியில் ஆண்பூ உச்சியிலும், பெண்பூ கீழே கதிரிலும் உள்ளன. காற்றே மகரந்தத்தைக் கொண்டுசெல்லும். ஒரு செடியின் மகரந்தத்தை அச்செடிக்கே இட்டுச் சில தலைமுறை வளர்த்தால், குணம் மாறாத, ஆனால் நலிந்த வழியொன்று கிடைக்கும். அத்தகைய நலிந்த வழிகளில் ஒன்றோடொன்று பொருந்துவனவற்றைக் கலப்பின், பிறக்கும் செடி பெற்றோர் இரண்டினும் பன்மடங்கு வீறுடன் வளரும். விஞ்ஞானிகள் கண்ட இவ்வுண்மையைக் கமக்காரரின் கைக்குக் கொணர்ந்தோருள் இளைய ஹென்றி முதன்மையானவர். 1924 இல் அவருடைய கலப்புச் சோளம் அயோவா விளைச்சற் போட்டியிற் பொற்பதக்கம் பெற்றது. 1926 இற் சில நண்பருடன் ஒரு விதைக் கம்பனியைத் தொடங்கினார். 1930 களின் தொடக்கத்தில் அயோவாச் சோள நிலத்தில் நூற்றில் ஒரு பங்கிற்கூடக் கலப்புச்சோளம் இல்லை. பத்தாண்டுகளில் ஏறக்குறைய முழு நிலமும் அதுவாயிற்று. அன்று அமெரிக்காவில் ஏக்கருக்கு 25 புசல் அளவில் நின்ற சோள விளைச்சல், உரமும் பிற முறைகளுஞ் சேர, இக்காலத்தில் 170 புசலுக்கும் மேற்பட்டுள்ளது.

1933 இல், தந்தை வகித்த அதே விவசாய மந்திரிப் பதவி மகனுக்கும் வந்தது. குடும்பத்தின் பழைய கட்சியைக் கடந்து, ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ட் அவரை அழைத்தார். விலையை உயர்த்தும்பொருட்டு விளைபொருளைக் குறைக்க வேண்டியதாயிற்று. அறுபது இலட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன; வளர்ந்துநின்ற பருத்தி உழுது அழிக்கப்பட்டது. பசித்தோர் நிறைந்த நாட்டில் இது முறையோ என்று மக்கள் கொதித்தனர். அவருடைய நினைவுக்கு நீங்காத வடுவாய் இச்செயல் நிலைத்தது. மிகுந்த ஆண்டின் விளைச்சலைச் சேமித்துக் குறைந்த ஆண்டில் வழங்கும் களஞ்சியத் திட்டத்தையும் அவரே கொணர்ந்தார். பண்டைச் சீனரின் களஞ்சிய முறையை நூலொன்றிற் படித்து, அதிலிருந்து எழுந்த எண்ணம் அது. நம் நாட்டில் 1971 இல் நெல் சந்தைப்படுத்தும் சபை அமைந்ததும் இதனையொத்த ஒரு தேவையினாலேயாம்.

1941 முதல் 1945 வரை அவர் அமெரிக்காவின் உப ஜனாதிபதி. 1944 இல் அவரைத் தவிர்த்துக் கட்சி ட்ரூமனைத் தேர்ந்தது. ட்ரூமன் அப்பதவியேற்ற 82 ஆம் நாள் ரூஸ்வெல்ட் மறைய, ஜனாதிபதிப் பதவி ட்ரூமனை அடைந்தது. 1948 இல் இளைய ஹென்றி தனிக்கட்சி கண்டு ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். நிறபேதத்தை எதிர்த்துத் தென்மாநிலங்களிற் பேசியபோது அவர்மீது முட்டைகள் வீசப்பட்டன. தேர்தலில் நூற்றுக்கு மூன்று வீத வாக்குக்கூடக் கிட்டவில்லை. அதன்பின் அவர் நியூயோர்க் மாநிலத்திலிருந்த தம் பண்ணைக்குச் சென்று, ஸ்ட்ரோபெரிப் பழச்செடியும் கோழியும் பூச்செடியும் கலப்பு முறையில் வளர்த்து ஆராய்ந்தார். தோல்வியுற்ற அரசியல்வாதிக்குத் திரும்பிச் செல்ல ஒரு வயல் இருந்தது. அவர் 1965 இற் காலமானார்.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றில் ஒரு கைப்பும் உண்டு. அதனை மறைத்தல் தகாது. கலப்புச்சோளத்தின் வீறு ஒரு தலைமுறைக்கே உரியது. அதன் மணியை எடுத்து மீண்டும் விதைத்தால் விளைச்சல் குன்றும். ஆதலால் ஆண்டுதோறும் விதை வாங்கவேண்டும். கமக்காரனின் பெட்டகத்திலிருந்த விதை கம்பனியின் கைக்கு மாறியது. இளைய ஹென்றி நாட்டிய கம்பனியும் 1999 இல் முற்றாகப் பெருமுதலாளிகளுக்குக் கைமாறிற்று. நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். ஆதலின், நம் மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும், பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் தந்த நல்லின நெல்லும் கவனமாகக் காத்தால் தம் குணத்தோடு மீண்டும் முளைக்கும். இந்தச் சுதந்திரத்தின் அருமையை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

வாலஸ் குடும்பம் தலைமுறைக்குத் தலைமுறை கொடுத்தது நிலத்தை மட்டுமன்று. அளந்து பார், எழுதி வை, பிறர்க்குச் சொல் என்னும் மூன்று பழக்கங்களே அவர்கள் கொடுத்த முதுசம். நம்மிடமோ வயலுண்டு, அநுபவமுண்டு, எழுத்தில்லை. குளத்து நீரைப் பங்கிட்ட வட்டவிதானைமாரும், கிராமசபைகளிற் பேசிய கமக்காரரும் வன்னியில் எத்தனையோ பேர் வாழ்ந்து மறைந்தனர். அவர்கள் அறிந்தவற்றை யார் குறித்துவைத்தார்? போர்க்காலத்தில், நெல்மூடையையும் உறுதிப்பத்திரத்தையும் விட்டு உயிரோடு மட்டும் ஓடிய குடும்பங்கள் பல. குறிப்பேடு இருந்தவர்களும் அதனை இழந்தனர். எஞ்சியிருப்பது முதியோரின் நினைவொன்றே. அதற்கும் காலவரையறை உண்டு.

இன்று நம் சூழலிற் கல்விக்குக் குறைவில்லை. வவுனியாவில் ஒரு பல்கலைக்கழகம் 2021 முதல் தனித்து இயங்குகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியில் இருக்கின்றது. மாணவர்களே, அங்கே செல்லுமுன் நீங்கள் செய்யக்கூடிய வேலையொன்று உண்டு. ஒரு கொப்பியை எடுத்துப் பாட்டனார் பக்கத்தில் அமருங்கள். எந்த ஆண்டில் எந்த நெல் விதைத்தார், எத்தனை மூடை கண்டார், எந்த மாரியிற் குளம் உடைந்தது, உடைப்பை யார் யார் கூடிக் கட்டினர் என்று கேட்டு எழுதுங்கள். வருகின்ற காலபோகத்தில் இரண்டு இன நெல்லை இரண்டு பாத்தியில் விதைத்து, விளைவை நிறுத்து அதே கொப்பியிற் குறியுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். படித்த பிள்ளையை வயலுக்கு அழைப்பது அவன் படிப்பை வீணாக்குவதாகாது. அழைக்கும்போது மண்வெட்டியோடு தராசையும் அவன் கையிற் கொடுங்கள்.