லீவுல தீவுக்குப் போலாமா?

முழுப்பரீட்சை முடிஞ்சதும் பழவேற்காடு ஏரியில் படகு ஏறித் தீவு தீவாகச் சுற்றலாம் என்று நாங்கள் ஐந்து பேர் திட்டம் போட்டோம். ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டாவே இந்த ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள தீவுதானே!

அப்பாவிடம் கேட்டேன். "2011 கிறிஸ்துமஸ் அன்னைக்கு அங்க என்ன நடந்துச்சுன்னு தெரியுமாடா?" என்றார். அன்று சுற்றிப் பார்க்கப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்களாம்.

"ஏரியில ஆழமே இல்லையேப்பா?" என்றேன். பல இடங்களில் ஆழம் குறைவுதான். ஆனால் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் அலையும் இழுப்பும் அதிகம். படகில் உட்கார்ந்திருந்தால் எடை கீழே இருக்கும். எல்லோரும் எழுந்து ஒரே பக்கம் சாய்ந்தால் படகும் சாயும், தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

எனவே எங்கள் புதுத் திட்டம்:
1. படகு சவாரிக்கு அனுமதி உண்டா என்று முதலில் விசாரிப்பது.
2. நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறுவதில்லை.
3. அளவுக்கு மேல் ஆள் ஏற்றினால் இறங்கிவிடுவது.
4. படகில் எழுந்து நின்று போட்டோ எடுப்பதில்லை.

அனுமதி இல்லையென்றால் கரையிலேயே டச்சுக்காரர் கல்லறைகளைப் பார்த்துவிட்டு வருவோம். அப்பாவும் கூட வர்றேன்னு சொல்லிட்டார். நீங்களும் வர்றீங்களா?

– 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்