வளைந்த ஒளி அலைவழிகாட்டிகளும் காப்புரிமை ஆய்வும்

ஒளி அலைவழிகாட்டி என்பது ஒளியைக் குறிப்பிட்ட பாதையில் அடைத்துச் செலுத்தும் அமைப்பாகும். தொலைத்தொடர்பில் பயன்படும் கண்ணாடி ஒளியிழை, சிலிக்கான் சில்லின் மேல் செதுக்கப்படும் மைக்ரோமீட்டர் அளவிலான வரிகள், கருவிகளுக்குள் ஒளியைத் திருப்பும் தடித்த நெகிழித் தண்டு ஆகிய மூன்றும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றை வளைக்கும்போது ஒளி கசிகிறது. கசிவைக் குறைக்க, குறுக்குவெட்டில் ஒளிவிலகல் எண்ணைப் படிப்படியாக மாற்றி அமைக்கும் முறை பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. இந்தத் துறையில் ஒருவர் காப்புரிமை கோரினால் காப்புரிமை அலுவலகம் எதைத் தேடும், எதை ஏற்கும், எதை மறுக்கும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

படிப்படியாக மாறும் ஒளிவிலகல் எண்

சித்திரை, வைகாசி வெயிலில் புதுவயலிலிருந்து காரைக்குடி செல்லும் சாலையில் தொலைவில் நீர் தேங்கியிருப்பது போலத் தோன்றும் கானல் நீர் இதற்கு எளிய சான்று. சூடான தார்ச்சாலையை ஒட்டிய காற்று அடர்த்தி குறைந்தது. அதன் ஒளிவிலகல் எண்ணும் குறைவு. மேலே செல்லச் செல்ல அது கூடுகிறது. வானிலிருந்து சாய்வாக வரும் ஒளி சாலையைத் தொடாமலேயே மெல்ல வளைந்து கண்ணை வந்தடைகிறது. எந்தக் கண்ணாடியும் அங்கே இல்லை. எண் மாறும் இடத்தில் ஒளி தானாக வளைகிறது. சர் சி. வி. இராமனும் ச. பஞ்சரத்தினமும் 1959இல் கானல் நீரின் ஒளியியல் குறித்து ஆய்வுக்கட்டுரை வெளியிட்டுள்ளனர்.

சாதாரண ஒளியிழையில் உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் ஒரே அளவாக இருந்து, உறையின் எல்லையில் திடீரெனக் குறையும். பள்ளிப் பாடத்தில் வரும் முழு அக எதிரொளிப்பு இங்கே நிகழ்கிறது. படிப்படியாக மாறும் வகையில் உள்ளகத்தின் நடுவில் எண் உச்சமாக இருந்து விளிம்பை நோக்கிப் பரவளைய வடிவில் குறையும். விளிம்பு வழியாகச் செல்லும் கதிர் நீண்ட பாதையில் சென்றாலும் எண் குறைந்த பகுதியில் விரைந்து செல்வதால், நடுவே செல்லும் கதிருடன் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மறுமுனையை அடைகிறது. சப்பானின் தொகோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூனிச்சி நிசிசாவா 1964இலேயே இவ்வகை இழைக்குக் காப்புரிமை விண்ணப்பம் செய்தார். செல்ஃபாக் என்ற பெயரில் 1968இல் சப்பானிய நிறுவனங்கள் இவ்வகைக் கண்ணாடியை அறிமுகப்படுத்தின. இந்தியாவில் எம். எஸ். சோதா, அஜய் கடக் ஆகியோர் இப்பொருள் பற்றி எழுதிய ஆங்கில நூல் 1977இல் வெளிவந்தது. ஆக, 'உள்ளகத்தில் எண் படிப்படியாகக் குறைகிறது' என்று மட்டும் சொல்லி இன்று யாரும் காப்புரிமை பெற முடியாது.

வளைவில் நிகழ்வது

வளைவில் வெளிப்புறமாகச் செல்லும் ஒளி உட்புற ஒளியைவிட நீண்ட வில்லைக் கடக்க வேண்டும். இதைக் கணக்கிட ஓர் அழகான வழி உண்டு. வளைந்த வழிகாட்டியை நேரானதாகக் கற்பனை செய்துகொண்டு, அதன் ஒளிவிலகல் எண் வெளிப்புறம் நோக்கிச் சாய்வாக உயர்வதாக எடுத்துக்கொள்ளலாம். நடுக்கோட்டிலிருந்து ஒரு புள்ளி இருக்கும் தொலைவை வளைவின் ஆரத்தால் வகுத்து, அத்துடன் ஒன்றைக் கூட்டி, எண்ணோடு பெருக்கினால் போதும். ஐபிளம், ஆரிசு ஆகிய இருவரும் 1975இல் இம்முறையை வெளியிட்டனர். அதற்கு முன்பே, 1969இல், பெல் ஆய்வகத்தின் மார்க்கட்டிலி வளைவுகளில் ஏற்படும் இழப்பைக் கணக்கிட்டிருந்தார்.

ஓர் எடுத்துக்காட்டு. உள்ளகத்தின் எண் 1.45, உறையைவிட அது 0.005 மட்டுமே கூடுதல் என்க. 10 மி.மீ. ஆரத்தில் வளைத்தால், நடுவிலிருந்து சுமார் 34 மைக்ரோமீட்டர் தள்ளி உறையின் 'சாய்ந்த' எண் உள்ளகத்தின் எண்ணை எட்டிவிடுகிறது. அந்த இடத்துக்கு அப்பால் ஒளியை உள்ளே பிடித்துவைக்க எதுவும் இல்லை. 30 மி.மீ. ஆரத்தில் இதே தொலைவு 100 மைக்ரோமீட்டரைத் தாண்டும். அங்கே ஒளியின் செறிவு மிகச் சொற்பம் என்பதால் இழப்பும் சொற்பம். வீட்டுச் சுவர் மூலையில் இணைய இழையை மடக்கி ஆணி அடித்தால் இணைப்பு தடுமாறுவதன் காரணம் இதுதான். உறையில் எண் குறைந்த ஒரு பள்ளத்தை அமைத்து, 7.5 மி.மீ., 5 மி.மீ. ஆரம் வரை வளைவைத் தாங்கும் இழைகள் இப்போது வந்துவிட்டன. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.657 தரம் இவற்றுக்கானது.

வளைவு ஏற்படுத்தும் சாய்வை எதிர்ச்சாய்வால் சரிக்கட்டலாம் என்பது அடுத்த படி. வளைவின் மையத்திலிருந்து உள்ள தூரத்தையும் அவ்விடத்து ஒளிவிலகல் எண்ணையும் பெருக்கினால் எல்லா இடத்திலும் ஒரே விடை வருமாறு அமைத்தால், உள்விளிம்பில் செல்லும் ஒளியும் வெளிவிளிம்பில் செல்லும் ஒளியும் ஒரே ஒளியியல் தொலைவைக் கடக்கும். அதாவது எண் உள்விளிம்பில் கூடுதலாகவும் வெளிவிளிம்பில் குறைவாகவும் இருக்க வேண்டும். சிலிக்கான் சில்லில் இவ்வகை வளைவை 2012இல் லிப்சன் குழுவினர் செய்துகாட்டி, நேச்சர் கம்யூனிகேசன்சு இதழில் வெளியிட்டனர்.

புதுவயலிலிருந்து ஒரு விண்ணப்பம்

சிவகங்கை மாவட்டத்துப் புதுவயல் அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆலைகளில் கறுப்பரிசியையும் கல்லையும் பிரிக்கும் நிறப்பிரிப்பு இயந்திரங்கள் ஒளியையும் கேமராவையும் கொண்டு இயங்குகின்றன. அவ்வூர் மாணவர் ஒருவர், இத்தகைய இயந்திரத்தின் குறுகிய இடுக்கில் ஒளியைத் திருப்ப, எண் படிப்படியாக மாறும் வளைந்த வழிகாட்டி ஒன்றை வடிவமைத்ததாகக் கற்பனை செய்வோம்.

இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தலைமையிடம் கொல்கத்தா. சென்னை, தில்லி, மும்பையில் கிளைகள் உள்ளன. தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் சென்னை கிண்டியில் உள்ள கிளையின் எல்லைக்குள் வரும். மின்வழியிலும் தாக்கல் செய்யலாம். விண்ணப்பம் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் இருக்க வேண்டும். தமிழில் தர முடியாது. பட்டறையில் தமிழில் சிந்தித்துச் செய்தவருக்கு இது முதல் தடை. சிறுசிறு சொற்களில் உரிமையின் எல்லை அடங்கும் துறையில், மொழிபெயர்ப்பில் நழுவும் ஒரு சொல் விலை உயர்ந்தது.

கருவி இன்னும் முழுமை பெறாவிட்டால் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்து தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பு தரப்பட வேண்டும். விண்ணப்பம் பொதுவாக 18 மாதம் கழித்து வெளியிடப்படும். ஆனால் ஆய்வு தானாகத் தொடங்காது. படிவம் 18இல் தனியாகக் கேட்க வேண்டும். முன்பு இதற்கு 48 மாத அவகாசம் இருந்தது. 2024 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்த விதித்திருத்தம் அதை 31 மாதமாகக் குறைத்தது. கேட்கத் தவறினால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கொள்ளப்படும்.

ஆய்வாளர் பார்ப்பவை

ஆய்வாளர் முதலில் விண்ணப்பத்தைப் பன்னாட்டு வகைப்பாட்டில் பொருத்துவார். ஜி02பி 6/028 என்பது எண் படிப்படியாக மாறும் இழைகளுக்கு; ஜி02பி 6/125 என்பது சில்லுகளில் உள்ள வளைவு, கிளைகளுக்கு. மாணவர்களும் தாக்கலுக்கு முன் இதே எண்களைக் கொண்டு கட்டணமின்றிக் காப்புரிமைத் தரவுத்தளங்களில் தேடலாம். பலர் இதைச் செய்யாமலே பணம் கட்டுகிறார்கள்.

பிறகு வருவது புதுமை. கோரிக்கையில் சொல்லப்பட்ட எல்லாக் கூறுகளும் ஒரே முந்தைய ஆவணத்தில் இருந்தால் புதுமை இல்லை. 'வளைந்த வழிகாட்டி, அதன் எண் வெளிவிளிம்பை நோக்கிக் குறைகிறது' என்ற அளவில் கோரிக்கை நின்றால், மேலே சொன்ன 2012 கட்டுரை போன்ற ஒன்றே போதும். ஆவணம் எந்த நாட்டில், எந்த மொழியில் வெளிவந்தது என்பது பொருட்டல்ல. மாணவரே தம் கல்லூரி இணையதளத்தில் ஏற்றிய ஆய்வேடும் அவருக்கு எதிரான சான்றாகலாம். இந்தியச் சட்டத்தின் 31ஆம் பிரிவு தரும் 12 மாதச் சலுகை, அரசு அறிவித்த கண்காட்சி, அறிஞர் அவையில் வாசித்த கட்டுரை போன்ற சில சூழல்களுக்கு மட்டுமே. 'முதலில் வெளியிடு, பிறகு காப்புரிமை பார்க்கலாம்' என்ற எண்ணத்தால் உரிமையை இழப்பவர்கள் கல்லூரிகளில்தான் அதிகம் இருக்கக்கூடும்.

அடுத்தது கண்டுபிடிப்புப் படி. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவின்படி, முன்பு அறிந்ததைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ இருக்க வேண்டும். அத்துடன் துறை அறிந்தவருக்கு அது வெளிப்படையாகத் தோன்றக் கூடாது. இங்கே ஆய்வாளர் இரண்டு, மூன்று ஆவணங்களை இணைத்துப் பார்க்கலாம். 1975 கட்டுரை வளைவைச் சாய்வாகக் காட்டிவிட்டது; சாய்வை எதிர்ச்சாய்வால் சரிக்கட்டுவது அதிலிருந்து ஒரு தப்படிதானே என்று கேட்பார். விண்ணப்பதாரருக்குள்ள நல்ல விடை பெரும்பாலும் கொள்கையில் இல்லை, செய்முறையில் இருக்கிறது. கொள்கையைத் தனியாகக் கோரினால் 3(சி) பிரிவு குறுக்கே நிற்கும்: அறிவியல் கோட்பாட்டை வெறுமனே கண்டறிவது கண்டுபிடிப்பு ஆகாது.

செய்முறைதான் கடினமான இடம். 10 மி.மீ. ஆரத்தில் 1 மி.மீ. அகலமுள்ள நெகிழித் தண்டை எடுத்துக்கொள்வோம். நடுவில் எண் 1.50 என்றால், முழுமையாகச் சரிக்கட்ட உள்விளிம்பில் 1.579, வெளிவிளிம்பில் 1.429 தேவை. 0.15 வேறுபாட்டை ஒரே தண்டுக்குள் சீராக உண்டாக்குவது எளிதன்று. அகலம் 50 மைக்ரோமீட்டர் ஆனால் தேவைப்படும் வேறுபாடு 0.0075 மட்டுமே, உருகிய வெள்ளி நைட்ரேட்டில் கண்ணாடியை மூழ்கவைத்து, சோடியம் அயனிகளுக்குப் பதில் வெள்ளி அயனிகளைப் புகுத்தும் முறையில் இது இயலும். முழு விவரக்குறிப்பு கண்டுபிடிப்பையும் அதைச் செயல்படுத்தும் சிறந்த முறையையும் விளக்க வேண்டும் என்கிறது 10ஆம் பிரிவு. எவ்வளவு வெப்பம், எத்தனை மணி நேரம், அளந்த இழப்பு எத்தனை டெசிபெல் என்பவை விவரக்குறிப்பில் இல்லையெனில் ஆய்வாளரின் ஆட்சேபம் நியாயமானதே. 'வளைவு இழப்பு குறையுமாறு அமைந்த' என்று விளைவை மட்டும் சொல்லும் கோரிக்கையும் தெளிவின்மைக்காகத் திருப்பப்படும். தாக்கலுக்குப் பின் புதிய செய்தி எதையும் விவரக்குறிப்பில் நுழைக்க முடியாது. 59ஆம் பிரிவு கோரிக்கையைச் சுருக்கவும் விளக்கவும் மட்டுமே இடம் தருகிறது. ஆகவே முதல் நாளே எழுதாமல் விட்ட அளவீடு, பிறகு கைகொடுக்காது.

முதல் அறிக்கைக்குப் பின்

ஆட்சேபங்கள் முதல் ஆய்வறிக்கையாக வரும். பதில் தந்து விண்ணப்பத்தை ஒழுங்குபடுத்த 6 மாதம். கட்டணம் செலுத்தி மேலும் 3 மாதம் பெறலாம். அதற்குள் பதில் இல்லையெனில் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். முகவர் இல்லாமல் தாமே தாக்கல் செய்தவர்கள் மின்னஞ்சலைக் கவனிக்காமல் இழப்பது இந்தக் கட்டத்தில்தான். பதிலில் நிறைவடையாத கட்டுப்பாட்டாளர் மறுப்பதற்கு முன் நேரில் கேட்க வாய்ப்பளிக்க வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டதால், இப்போது அம்மேல்முறையீடுகள் உயர்நீதிமன்றத்துக்குச் செல்கின்றன.

ஒரு சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அமெரிக்க வழக்கொன்று உள்ளது. கார்னிங் நிறுவனத்தின் மாரர், சூல்ட்சு இருவரின் 1972ஆம் ஆண்டுக் காப்புரிமை, உறையைவிட எண் கூடுமாறு உள்ளகத்தில் வேற்றுப்பொருள் சேர்த்த சிலிக்கா இழையைக் கோரியது. சுமித்தோமோ நிறுவனம் உள்ளகத்தைத் தூய சிலிக்காவாக விட்டுவிட்டு, உறையில் புளோரின் சேர்த்து அதன் எண்ணைக் குறைத்தது. எழுத்தின்படி பார்த்தால் இது கோரிக்கைக்கு வெளியே. ஆனால் 1989இல் அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டும் ஒரே பணியை ஒத்த வழியில் செய்வதால் சமனானவை எனக் கொண்டு, உரிமை மீறப்பட்டது என்ற கீழ்நீதிமன்றத் தீர்ப்பை உறுதிசெய்தது. கார்னிங்கிடம் நெடிய வழக்கு நடத்தும் வசதி இருந்தது. தனி விண்ணப்பதாரர் 'உள்ளகத்திலோ உறையிலோ அல்லது இரண்டிலுமோ' என்று தொடக்கத்திலேயே எழுதி, இரண்டுக்கும் எடுத்துக்காட்டுத் தருவது மலிவான வழி.

கட்டணத்தைப் பொறுத்தவரை தனிநபர், புத்தொழில் நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு மின்வழித் தாக்கலுக்கு 1,600 ரூபாயும் ஆய்வுக்கு 4,000 ரூபாயும் ஆகும். பெரிய நிறுவனங்களுக்கு இவை முறையே 8,000, 20,000 ரூபாய். பெண் விண்ணப்பதாரர்களும் புத்தொழில் நிறுவனங்களும் படிவம் 18ஏ வழியாக விரைவு ஆய்வைக் கோரலாம். உரிமை வழங்கப்பட்டால் அதன் காலம் தாக்கல் செய்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். இடையில் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் அயல்நாட்டில் விண்ணப்பிக்க எண்ணினால், முதலில் இங்கே தாக்கல் செய்து ஆறு வாரம் கழிய வேண்டும், அல்லது 39ஆம் பிரிவின்படி முன் அனுமதி பெற வேண்டும்.